ரூபாய் யாருடைய பிரச்சினை? – பொருளியலர் அம்பேத்கரை வாசித்தல்

(காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் நடந்த மாணவர் வாசிப்புக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் முனைவர் பட்ட ஆய்வு எதைப் பற்றியது என்று அப்பா ஒருமுறை கேட்டார். அண்ணல் எழுதிய ‘ரூபாயின் பிரச்சினை’ என்ற புத்தகத்தைப் பற்றி என்றேன். தறியை விட்டுக் கையை எடுக்காமலே, “ரூபாய்க்கு என்னம்மா பிரச்சினை? அது இல்லாதவனுக்குத்தான் பிரச்சினை” என்றார். அப்போது சிரித்துவிட்டேன். நான்கைந்து ஆண்டுகள் அந்தப் புத்தகத்தோடு கிடந்த பிறகு, அப்பா சொன்னதற்கும் பாபாசாகேப் எழுதியதற்கும் பெரிய தூரம் இல்லை என்று தோன்றுகிறது. இன்று உங்களிடம் பேச வந்திருப்பது அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைப்போடு நான் முதன்முதலில் ஒரு ஆய்வுக் குழுவின் முன் உட்கார்ந்தபோது (எந்த நிறுவனம் என்பது வேண்டாம்), மூத்த பேராசிரியர் ஒருவர், “ஏம்மா, அம்பேத்கர்னா சமூகவியல் துறைக்குப் போக வேண்டியதுதானே, இங்க எதுக்கு?” என்று கேட்டார். கேலியாகக்கூட இல்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. பொருளியலில் இளங்கலை, முதுகலை என்று ஐந்து ஆண்டுகள் படித்தேன். ஆடம் ஸ்மித் வந்தார், கெய்ன்ஸ் வந்தார், நௌரோஜி ஒரு பத்தியில் வந்துபோனார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளியலில் இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்ற ஒருவர் ஒரு பத்தியில்கூட வரவில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம் பக்கம். ஒவ்வொரு ஏப்ரல் 14க்கும் வாட்ஸப்பில் ஒரு செய்தி வரும்: ரிசர்வ் வங்கியை உருவாக்கியவர் அம்பேத்கர் என்று. நாமும் பெருமையோடு பகிர்வோம். தோழர்களே, அந்தச் செய்தி அந்த வடிவத்தில் சரியில்லை. 1925-26இல் இந்தியப் பணமுறையை ஆராய வந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். அந்த ஆணையம் மைய வங்கி ஒன்றைப் பரிந்துரைத்தது. 1934இல் சட்டம் வந்தது, 1935 ஏப்ரல் 1இல் வங்கி திறக்கப்பட்டது. இவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும். அவருடைய நூலைப் படித்தால் இன்னொன்றும் தெரியும்: பணத்தை ‘நிர்வகிக்கும்’ அதிகாரத்தை யாருடைய கையிலும் தாராளமாகக் கொடுப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அவர் எதைக் கண்டு அஞ்சினாரோ அதையே அவருடைய சாதனையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பல்கலைக்கழகம் அவரைப் படிக்காமல் ஒதுக்குகிறது, நாம் படிக்காமல் கொண்டாடுகிறோம். இரண்டு இடத்திலும் புத்தகம் பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

சரி, அவர் என்ன எழுதினார்?

1913இல், 22 வயதில், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் நியூயார்க் போகிறார். 1915இல் முதுகலை. அப்போது எழுதியவை இரண்டு. ஒன்று ‘பண்டைய இந்திய வணிகம்’: எகிப்து, ரோம் தொடங்கி இடைக்காலக் கடல் வணிகம் வரை. இன்னொன்று ‘கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும்’. இந்த இரண்டாவது சின்னப் புத்தகம்தான். ஆனால் ஒரு கணக்குப்பிள்ளையின் பொறுமையோடு எழுதப்பட்டது. கம்பெனி எந்தெந்த வரியை வாங்கியது: நிலவரி, உப்பு, அபினி. எதற்குச் செலவழித்தது: போர், கடனுக்கு வட்டி. பொதுப்பணிக்கு எவ்வளவு சொற்பம். கடைசியில், 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்தபோது அதன் கடனும் அதன் பங்குதாரர்களுக்கு உரிய ஈவுத்தொகையும் யார் தலையில் விழுந்தன? இந்திய மக்களின் தலையில். நம்மை வாங்கி ஆண்ட செலவை நாமே கட்டினோம். 24 வயது மாணவர் இதைக் கோபமான சொற்களில் எழுதவில்லை, வரவு செலவு அட்டவணைகளில் எழுதியிருக்கிறார்.

1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசிக்கிறார். இதை நாம் எல்லோரும் அறிவோம். நாம் கவனிக்காத ஒன்று, அதே காலத்தில்தான் மாகாண நிதி பற்றிய முனைவர் பட்ட ஆய்வையும் எழுதி முடிக்கிறார் என்பது. ஒரே மேசையில் சாதியும் வரியும் இருந்திருக்கின்றன. நம் ஆட்கள் இரண்டையும் தனித்தனி அலமாரியில் பூட்டிவிட்டார்கள்.

பிறகு லண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது என்று 1917இல் பாதியில் திரும்ப வேண்டி வந்தது. பரோடாவில் அவருக்குக் கிடைத்த வேலை எங்கே தெரியுமா? கணக்காயர் அலுவலகத்தில். பொது நிதியில் ஆய்வேடு எழுதியவருக்குப் பொருத்தமான இடம்தான். ஆனால் அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பெயரை மறைத்துத் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. இதை அவரே எழுதியிருக்கிறார். 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். அங்கே ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சில பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் பதிவு செய்கிறார். வகுப்பில் பணக் கோட்பாடு, ஆசிரியர் அறையில் தண்ணீர்ப் பானை.

அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் நண்பர் ஒருவரிடம் வாங்கிய கடனுமாக, 1920இல் மறுபடி லண்டன் போகிறார். 1921இல் எம்.எஸ்சி. 1922இல் ‘ரூபாயின் பிரச்சினை: அதன் தோற்றமும் தீர்வும்’ என்ற ஆய்வேடு. எழுத்தில் காரம் அதிகம், திருத்தித் தாருங்கள் என்று தேர்வாளர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். முடிவுகளை மாற்றாமல் திருத்திக் கொடுத்தார். 1923 இறுதியில் பட்டமும் புத்தகமும் வந்தன. அம்மா அப்பாவின் நினைவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார்.

இப்போது இந்தப் புத்தகத்தில் கொஞ்சம் நேரம் நிற்கலாம். பயப்பட வேண்டாம். காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு இது சுலபமாகவே புரியும். ஏனென்றால் இது வெள்ளியைப் பற்றிய கதை.

நம் ஊர்ச் சேலையின் ஜரிகை என்ன? பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளி, அதன் மேல் தங்க முலாம். சூரத்தில் ஜரிகை விலை ஏறினால் பிள்ளையார்பாளையத்தில் தறி நிற்கும். தங்கம் ஒரு பக்கம், வெள்ளி ஒரு பக்கம் ஏறி இறங்கும்போது வீட்டு அடுப்பில் என்ன நடக்கும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்திய ரூபாய் முழுக்க வெள்ளி. இங்கிலாந்தின் பணம் தங்கம். 1870களில் ஜெர்மனி முதலான நாடுகள் வெள்ளி நாணயத்தைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறின, வெள்ளியின் விலை சரிந்தது. 1870களின் தொடக்கத்தில் இரண்டு ஷில்லிங்குக்குச் சற்றே குறைவாக இருந்த ரூபாய், 1893 வாக்கில் சுமார் 15 பென்ஸுக்கு வந்துவிட்டது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லண்டனுக்கு இந்திய அரசு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய வட்டி, ஓய்வூதியம் எல்லாம் தங்கத்தில். ஆகவே அதே கடனுக்கு அதிக ரூபாய் வேண்டும். அதிக ரூபாய் என்றால் அதிக வரி. 1893இல், பொதுமக்கள் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமையை அரசு மூடியது. அதன் பிறகு எவ்வளவு ரூபாய் வெளியிடுவது என்பது அரசின் விருப்பம்.

இந்த ஏற்பாட்டைத் தங்கப் பரிமாற்ற முறை என்றார்கள். ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1913இல் இதைப் புகழ்ந்து ஒரு புத்தகமே எழுதினார், அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போன அதே ஆண்டில். பத்தாண்டு கழித்து அம்பேத்கர் அதை நேருக்கு நேர் மறுத்தார். கெய்ன்ஸ் கண்ணுக்கு ரூபாய்க்கும் பவுண்டுக்கும் உள்ள மாற்று விகிதம் நிலையாக இருந்தால் போதும். அம்பேத்கரின் கேள்வி வேறு: மாற்று விகிதம் நிலையாக இருக்கிறது, சரி, உள்ளூரில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு அரிசி கிடைக்கிறது? லண்டனில் ரூபாயின் மதிப்பு எவ்வளவு என்று கேட்பவர் வேறு, ஊர்ச் சந்தையில் அதன் மதிப்பு எவ்வளவு என்று கேட்பவர் வேறு. அரசு இஷ்டத்துக்கு ரூபாயை வெளியிட்டால் விலை ஏறும், கூலி ஏறாது. அதனால் ரூபாய் வெளியீட்டுக்கு ஓர் எல்லை கட்டுங்கள் என்றார். அவருடைய தீர்வு, தங்க நாணயமும் அளவு கட்டப்பட்ட ரூபாயும்.

அந்தத் தீர்வை இன்று நான் அப்படியே ஏற்க மாட்டேன். 1931இல் இங்கிலாந்தே தங்கத்தை விட்டு விலகியது. உலகம் வேறு பக்கம் போய்விட்டது. அவருடைய ஆசிரியர் எட்வின் கேனனே அந்தப் புத்தகத்தின் முன்னுரையில், பல வாதங்களில் தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான், தவறென்று தோன்றும் இடத்திலும் இவருடைய பார்வையில் ஒரு புதுமை இருக்கிறது என்று பாராட்டுகிறார். ஆய்வுலகத்தில் மரியாதை என்பது இதுதான். வழிபாட்டை அந்த முன்னுரையில் தேடாதீர்கள், கிடைக்காது. அண்ணலின் ஒரு தீர்வு காலத்தால் கடந்துபோய்விட்டது என்று ஒரு மேடையில் நான் சொன்னபோது சில தோழர்கள் முகம் சுளித்தார்கள். அவர் நம்மை மாணவர்களாகத்தான் எதிர்பார்த்தார் என்பது என் எண்ணம்.

தீர்வு பழசாகிவிட்டது. கேள்வி பழசாகவில்லை. ரூபாய் மதிப்பு விழுந்தால் ஏற்றுமதிக்கு நல்லது, ஏற்றுமதி கூடினால் நாட்டுக்கு நல்லது: இது அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். அம்பேத்கர் இந்த வாக்கியத்தைப் பிரித்துப் போட்டார். ஏற்றுமதி செய்பவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறதே, அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டிலிருந்து வரவில்லை. விலைவாசி ஏறுகிறது, ஆனால் வேலையாளுக்கு அதே பழைய கூலி. அந்த இடைவெளிதான் முதலாளியின் லாபம். ஆக, ஓர் இந்தியரின் பையிலிருந்து இன்னோர் இந்தியரின் பைக்குப் பணம் மாறுகிறது, அதற்கு நாட்டு நலன் என்று பெயர்.

இதை எங்கள் வீட்டுக் கணக்கில் பார்க்கிறேன். அப்பா கூலிக்கு நெய்பவர். பட்டும் ஜரிகையும் முதலாளி வீட்டிலிருந்து வரும், சேலை முதலாளி வீட்டுக்குப் போகும். சில ஆண்டுகளாக வெள்ளி, தங்கம் ஏறிய வேகம் உங்களுக்குத் தெரியும். சேலையின் விலை அதோடு ஏறியது. கடைக்கு வெளியே விலைச்சீட்டைப் பார்த்தவர்கள், “நெசவாளிக்கு நல்ல காலம்தான்” என்று சொல்லிப் போனார்கள். கோர்வை போட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து, பதினைந்து இருபது நாள் நெய்யும் சேலைக்குக் கூலி ஏறியதா? விலை கூடியதால் வாங்குகிறவர் குறைந்து, பாவு கிடைக்காமல் காத்திருந்த நாட்கள்தான் ஏறின. அப்பாவுக்கு அம்பேத்கரின் புத்தகத்தில் ஒரு வரியும் தெரியாது. ஆனால் அந்த அத்தியாயத்தின் வாதத்தை அவர் முதுகால் அறிவார்.

1925க்கு வருவோம். இந்த ஆண்டு காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு முக்கியமானது. நவம்பரில் இங்கே, நம் ஊரில், திரு.வி.க. தலைமையில் தமிழ்நாடு காங்கிரஸ் மாகாண மாநாடு நடந்தது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுக்க விடவில்லை. பெரியார் வெளியேறினார். அடுத்த மாதம், 1925 டிசம்பர் 15இல், ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அம்பேத்கர் சாட்சியம் அளிக்கிறார். அப்போது நாடு முழுக்க ஒரு சண்டை: ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸா, 1 ஷில்லிங் 6 பென்ஸா? பம்பாய் ஆலை முதலாளிகளும் வணிகர்களும் 4 பென்ஸ் வேண்டும் என்றார்கள், அதாவது ரூபாயின் மதிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்று. தேசியவாதிகள் அவர்களோடு நின்றார்கள். 4 பென்ஸ்தான் தேசபக்தி என்று ஆகிவிட்டது. அம்பேத்கர் ஆணையத்திடம் சொன்னது: விகிதத்தைக் குறைப்பதால் லாபம் வணிக வர்க்கத்துக்கு, நட்டம் உழைத்துச் சம்பாதிக்கும் வர்க்கத்துக்கு. வணிக வர்க்கத்தின் நலனை நாட்டின் நலன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு மாதத்துக்குள் இரண்டு இடங்களில் ஒரே கேள்வி எழுந்திருக்கிறது, ‘தேசம்’ என்று சொல்கிறீர்களே, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று. காஞ்சிபுரத்தில் பெரியார் அதைப் பதவிகளை வைத்துக் கேட்டார். அம்பேத்கர் நாணய மாற்று விகிதத்தை வைத்துக் கேட்டார். இருவரும் அப்போது ஒருவரை ஒருவர் சந்தித்ததில்லை.

இனி பொது நிதி. அதே 1925இல் லண்டனில் வெளிவந்ததுதான் ‘பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி’, கொலம்பியா ஆய்வேட்டின் நூல் வடிவம். முன்னுரை எழுதியவர் அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன், வருமான வரி பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர். (ஒரு கிளைக்கதை: இதே செலிக்மனிடம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் போய்ப் பொது நிதி படித்தவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. ஒரே ஆசிரியர், ஒரே பாடம், இரண்டு பேரும் பிரிட்டிஷாரின் வரிச் சுரண்டலை எழுதினார்கள். ஒருவர் காந்தியிடம் போய்க் கிராமத்தைப் பொருளாதாரத்தின் அடிப்படை ஆக்கினார். இன்னொருவருக்குக் கிராமம் என்றால் என்ன என்று தெரியும், ஏனென்றால் அவருடைய மக்கள் அதற்கு வெளியே வைக்கப்பட்டிருந்தார்கள். வாய்ப்புக் கிடைத்தால் இந்த இருவரைப் பற்றி மட்டும் ஒரு நாள் பேச வேண்டும்.)

இந்த நூல் சொல்லும் வரலாறு இதுதான். 1833க்குப் பிறகு மாகாணங்களுக்குச் சொந்தமாக நிதி அதிகாரம் இல்லை. சென்னையில் ஒரு செலவு செய்ய வேண்டுமானாலும் கல்கத்தாவின் அனுமதி வேண்டும். வரி வசூலிப்பது மாகாணம், செலவை முடிவு செய்வது மத்தி. இதன் விளைவாக, சிக்கனமாக இருந்த மாகாணத்துக்கு ஒன்றும் கிடைக்காது, அதிகம் கூச்சல் போட்டவருக்கு அதிகம் கிடைக்கும். 1871இல் மேயோ காலத்தில் சிறு மாற்றம்: மத்தி ஒரு தொகையை ஒதுக்கும். 1877 முதல் சில வருவாய் இனங்கள் ஒதுக்கப்பட்டன. 1882 முதல் வருவாயைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம் வந்தும், மாகாணம் சுதந்திரமானது என்று சொல்ல முடியாது என்கிறார் அம்பேத்கர். கயிற்றின் நீளம் கூடியது, கயிறு மத்தியின் கையில்தான் இருந்தது.

1919 சட்டத்துக்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. மத்திய அரசுக்குப் பற்றாக்குறை. அதை மாகாணங்கள் கட்ட வேண்டும் என்றார்கள். மெஸ்டன் குழு போட்ட கணக்கில் மொத்தம் 983 லட்சம் ரூபாய். அதில் சென்னை மாகாணத்தின் பங்கு 348 லட்சம், பம்பாயின் பங்கு 56 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மாகாணம். காரணம், எங்கள் வருவாய் பெரும்பாலும் நிலவரியை நம்பி இருந்தது. அந்த நிலவரியைக் கட்டியவர் யார்? சேற்றில் நின்றவர்.

இந்த எண்களைப் படித்தபோது எனக்கு நம் காலத்து எண் ஒன்று நினைவுக்கு வந்தது. 15ஆவது நிதிக்குழு, மாநிலங்களுக்குப் பகிரும் வரியில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 4.079 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை இந்தியாவில் ஏறக்குறைய 6 விழுக்காடு. செஸ், கூடுதல் வரி என்று ஒன்றிய அரசு வசூலிப்பவை இந்தப் பகிர்வுக்குள்ளேயே வராது. 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு, அப்பா நெய்யும் பட்டுச் சேலைக்கு 5 விழுக்காடு வரி என்பதைச் சென்னைக் கோட்டை தனியாக மாற்ற முடியாது. பொருளியலில் முதுகலை படித்த ஒரு காஞ்சிபுரத்துக்காரர், அண்ணா, மாநிலத் தன்னாட்சி பேசியதும், 1969இல் கலைஞர் அரசு ராஜமன்னார் குழுவை அமைத்ததும் வெறும் உணர்ச்சியால் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு நிதிக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கின் பழைய பேரேட்டைத் திறந்து காட்டியவர் அம்பேத்கர்.

இங்கேதான் நாம் நிறுத்திக்கொள்ளக் கூடாது. மாநில உரிமை பேசுகிற தோழர்கள் பலர் இந்தப் புத்தகத்தின் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். அம்பேத்கர் நிற்கவில்லை. கடைசிப் பகுதியில் அவர் வைக்கும் வாதம்: பணம் யாருடைய கையில் இருக்கிறது என்பது பாதிக் கேள்வி, அந்தக் கை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பது மீதிக் கேள்வி. அந்நிய அரசு ஏன் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் செலவழிக்கவில்லை, ஏன் சாதியில் கைவைக்கவில்லை? அதற்கு மக்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேல்தட்டின் எதிர்ப்பைக் கண்டு பயம். சாதியையும் வரவு செலவுத் திட்டத்தையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய பொது நிதி நூல் அந்தக் காலத்தில் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் பேசிய வரவு செலவு உரையும் இதன் தொடர்ச்சிதான். வருமான வரியில் ஒரு வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவருக்கு விலக்கு உண்டு. ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு நிலவரியில் அந்த விலக்கு ஏன் இல்லை? ஒரே கேள்வி, அவை அமைதியாகிவிடும் கேள்வி.

நம் ஊர்க் கதையும் நிலவரியில் ஆரம்பிக்கிறது. காஞ்சிபுரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில். அம்பேத்கர் பிறந்த 1891ஆம் ஆண்டில்தான் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். நிலம் இல்லாமல் இவர்கள் நிமிர முடியாது என்றார். 1892இல் அரசாணை, அதிலிருந்து வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். அந்த நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்று ஏனாத்தூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் பேருந்தில் போகும்போது சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போங்கள். அரசு காகிதத்தில் ஒதுக்குவதும் சேரிக்கு வந்து சேர்வதும் ஒன்றல்ல. பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டமும் அப்படித்தான். 1979-80இல் தொடங்கியது: மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. எல்லோருக்கும் பொதுவான திட்டங்களின் செலவில் ஒரு துண்டை வெட்டி இந்தக் கணக்கில் ஒட்டிவிடுவார்கள், ஏட்டில் நிதி ஒதுக்கியாகிவிட்டது. இதற்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, 2024இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வந்த பிறகுதான் அதன் அட்டவணைகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் தேவை. அரசமைப்பு அவையில் தலைமைக் கணக்காயரைப் பற்றிப் பேசும்போது, அரசமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி இவராகத்தான் இருப்பார் என்று அம்பேத்கர் சொன்னார். நீதிபதிகளைவிட. அவருக்குக் கணக்குப் புத்தகம் என்றால் என்ன என்று தெரியும்.

என்னைப் போன்றவர்கள் சம்பந்தப்பட்ட ஒன்று மிச்சம் இருக்கிறது. உதவித்தொகை.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அப்போது அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தார். 1942இலேயே இதற்காக மனு கொடுத்திருந்தார். அந்தத் திட்டத்தில் பின்னாளில் ஒரு விதி இருந்தது: ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவில் மாநிலம் எட்டியிருக்கும் செலவு அளவு முழுவதும் இனி மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு மேல் ஆகும் தொகையை மட்டுமே ஒன்றியம் தரும். அதாவது எந்த மாநிலம் நிறையத் தலித் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியதோ, அந்த மாநிலத்தின் தலையில்தான் பாரம். 2020 டிசம்பரில்தான் 60:40 என்று மாற்றினார்கள். இது மாகாண நிதியா, சாதிப் பிரச்சினையா? நீங்களே சொல்லுங்கள். எனக்கு ஆய்வு உதவித்தொகை பல மாதங்கள் வராமல் நின்றபோது, விடுதிக்கு மூன்று மாத உணவுக் கட்டணம் பாக்கி வைத்துவிட்டு நான் படித்துக்கொண்டிருந்தது 1917இல் உதவித்தொகை நின்று திரும்பிய ஒருவரின் ஆய்வேட்டை. அந்த மாதங்களில் அம்மா அடகுவைத்த தோடு இன்னும் மீளவில்லை.

அயல்நாட்டுப் படிப்புக்கு ஒன்றிய அரசு தரும் தேசிய உதவித்தொகை ஒன்று உண்டு. நாடு முழுவதற்கும் 125 இடங்கள். 2022இல் அதன் விதிகளில் ஒரு வரி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்த உதவி கிடையாது. காரணமும் சொன்னார்கள், அவற்றை இங்கேயே படிக்கலாமாம். 1913இல் கொலம்பியாவுக்குப் போன மாணவருக்கு இந்த விதியைப் பொருத்திப் பாருங்கள். ‘பண்டைய இந்திய வணிகம்’: கிடையாது. ‘கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும்’: வரலாறு, கிடையாது. ‘இந்தியாவில் சாதிகள்’: சொல்லவே வேண்டாம். ஒரு சமஸ்தான மன்னர் அனுப்பிய மாணவரை, அவர் எழுதிய அரசமைப்பின்கீழ் அமைந்த அரசு அனுப்பாது.

அவருடைய ஆய்வுச் செல்வாக்கு பற்றி என்னிடம் கேட்கிறார்கள்: எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்? குறைவுதான். 1990களில் நரேந்திர ஜாதவ், சென்னையைச் சேர்ந்த எஸ். அம்பிராஜன் போன்ற பொருளியலர்கள் இவரை மறுபடி பேசவைத்தார்கள். அதற்கு முன் நீண்ட மௌனம். மகாராஷ்டிர அரசு 1989இல் வெளியிட்ட ஆறாவது தொகுதி வரும்வரை இந்த மூன்று பொருளியல் நூல்களும் சுலபமாகக் கையில் கிடைக்கவே இல்லை. மேற்கோள் எண்ணிக்கை ஒருவரின் அறிவை அளப்பதில்லை, அவரை யார் வகுப்பறைக்குள் விட்டார்கள் என்பதை அளக்கிறது. சிடன்ஹாம் தண்ணீர்ப் பானையின் நீட்சி அது என்று நான் சொன்னால் என் நெறியாளருக்குப் பிடிக்காது. ஆய்வேட்டில் எழுதவில்லை, இங்கே சொல்கிறேன்.

அந்த ஆறாம் தொகுதியை இந்தக் கூடுகையில் சேர்ந்து வாசிக்கலாம் என்று தோழர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். தமிழிலும் அண்ணலின் எழுத்துகள் தொகுதிகளாக வந்திருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியிலிருந்து தொடங்கலாம், அது சின்னது. ரூபாய் புத்தகத்துக்கு வரும்போது அப்பாவையும் அழைத்து வருகிறேன், தறி நிற்கும் நாளாக இருந்தால். அட்டவணைகளைப் பார்த்துப் பயந்து தாண்டிப் போய்விடாதீர்கள், கையோடு ஒரு பென்சில் கொண்டு வாருங்கள். இப்போது கேள்விகளுக்கு வரலாம். பின்வரிசையில் அந்தத் தோழர் நெடுநேரமாகக் கை தூக்கியபடி இருக்கிறார்.